துடைக்காமல் கைமாறிய படம்

யோருன் மீன் ஆலையிலிருந்து கணினிக்கு வந்தவள். பள்ளியை முடித்த கையோடு காட் மீனுக்கு முள்ளெடுக்கும் மேடையில் போய் நின்றாள். முப்பது வயதைத் தாண்டும் வரை அங்கேதான் நின்றாள். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலித்த ஒரு குளிர்காலத்தில் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்து, பகலில் மீனும் மாலையில் பாடமுமாகத் தட்டுத்தடுமாறிப் பட்டம் வாங்கினாள். அந்தச் சமயம் பார்த்து நகராட்சியின் கணினிகளைக் கவனித்துவந்தவர் தலைநகர் ரெய்க்யாவிக்குக்குக் குடிபெயர்ந்துவிட, அந்த நாற்காலி இவளுக்குக் கிடைத்தது.

மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு உள்ளே புகுந்த ஃபியோர்டின் கடைசியில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அது. யார் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது, யார் வீட்டு வாசலில் பனி அள்ளப்படவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். யோருனின் சிரிப்பும் அப்படித்தான். தேவாலயப் பாட்டுக்குழுவில் அவள் குரல் எங்கே என்று தேடவேண்டியதில்லை. காலையில் நீச்சல் குளத்துச் சுடுநீர்த் தொட்டியில் அவள் சிரித்தால் வெளியே கார் நிறுத்துபவருக்குக் கேட்கும். அவள் பக்கத்தில் எப்போதும் ஹல்லா இருப்பாள். முள்ளெடுக்கும் மேடையில் இவளுக்கு நேரெதிரே பல வருடம் கத்தி பிடித்து நின்றவள். பிறகு மருத்துவ மையத்தின் வரவேற்பு மேசைக்குப் போனாள். சத்தம் போடாத பெண். யோருன் சொல்லும் வேடிக்கைக்கு மூக்கால் மட்டும் சிரிப்பாள்.

ஊரில் மூன்று அலுவலகங்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே தேவை வந்தது. துறைமுகத்துக்குக் கடலடியைக் காட்டும் வரைபடம் வேண்டும். நகராட்சியின் திட்டப்பிரிவுக்குப் பனிச்சரிவு ஆபத்துள்ள மலைச்சரிவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். மருத்துவ மையத்துக்கு, வடக்கே பெரிய மருத்துவமனையில் எடுத்து அனுப்பும் ஸ்கேன் படங்களைத் திறந்து பார்க்கவேண்டும். மூன்றும் கனமான படங்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அசையாது. ஆளுக்கொன்று வாங்க நகர மன்றம் ஒத்துக்கொள்ளவில்லை.

யோருன் மன்றத்தில் எழுந்து நின்றாள். "ஒரே சர்வர் போதும். அதுக்குள்ள மூணு மெய்நிகர் கணினி வெச்சுடறேன். கார்டு ஒண்ணுதான், ஆனா மூணு பேரும் பங்கு போட்டுக்குவாங்க. ஒவ்வொருத்தருக்கும் அது தனக்கே சொந்தம்னுதான் தோணும்."

"ஒரு சட்டியில மூணு வீட்டுச் சமையல்னு சொல்லு," என்றார் துறைமுக மேலாளர் ஹாகோன். "நான் மீன் வறுத்த சட்டியில டாக்டர் அப்பம் சுடுவாரா?"

"கழுவிட்டுத்தான் குடுப்போம், ஹாகோன்!"

மன்றமே சிரித்தது. அனுமதியும் கிடைத்தது.

துறைமுகத்தை ஒட்டிய பழைய ஐஸ் கிடங்கில் சர்வரை நிறுத்தினாள். கார்டின் நினைவகத்தைத் துண்டுகளாகப் பிரித்தாள். ஓர் அலுவலகம் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் துண்டு, வேலையாக இருக்கும் இன்னொன்றுக்குப் போகும். அப்படிக் கைமாறும் முன்பு அதில் மிச்சமிருப்பதை முழுதாகத் துடைத்துவிட்டுக் கொடுக்கும்படி கட்டளை எழுதினாள். மூன்று அலுவலகங்களும் பக்கத்து அறையில் இன்னொருவர் இருப்பதே தெரியாதவர்கள் போல வேலை பார்த்தன. பக்கத்து ஃபியோர்டிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யோருனுக்குத் தலைகால் புரியவில்லை.

குளிர் கூடியதும் சனியன் பிடித்தது. துடைக்கும்போது சில நேரம் கார்டு அப்படியே உறைந்துவிடும். சர்வரை அணைத்துப் போட்டால்தான் மீளும். திட்டப்பிரிவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மருத்துவ மையத்தின் டாக்டர் ஹெர்மன் பொறுமைசாலி, காபி குடித்துவிட்டு வருவார். ஹாகோனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

வடகிழக்குக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம் அவர் அழைத்தார். பின்னணியில் ரேடியோ இரைந்தது. "திரை நின்னுபோச்சு! வெளியில ஒரு படகு பாதி இன்ஜின்ல வந்துக்கிட்டிருக்கு. எனக்குத் தரை எங்க, பாறை எங்கன்னு ஒண்ணும் தெரியல!"

யோருன் மேல்கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினாள். ஐஸ் கிடங்கின் கதவைக் காற்று பிடித்து இழுத்தது. சர்வரை அணைத்துப் போட்டாள். அது உயிர்பெற்று எழுவதற்குள் ஹாகோன் ஜன்னல் வழியாகப் பார்த்தே, வாயாலேயே வழி சொல்லிப் படகை உள்ளே கொண்டுவந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் மறுபடி அழைத்தார்.

"அடுத்த தடவை பாறையில மோதினா நான் யார்கிட்டப் போய் அழறது? உன் கார்டுகிட்டயா?"

அவள் கைபேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். அங்கேயே குளிரில் உட்கார்ந்து, துடைக்கும் கட்டளையின் முன்னால் ஒரு குறியைப் போட்டு அதைச் செயலிழக்கச் செய்தாள். பக்கத்திலேயே 'தற்காலிகம்' என்றும் எழுதினாள். கார்டுக்குப் புதிய மென்பொருள் வந்ததும் எடுத்துவிடலாம் என்று எண்ணம்.

அதற்குப் பிறகு ஒரு முறைகூட எதுவும் உறையவில்லை. ஹாகோன் கிறிஸ்துமஸுக்கு ஒரு பை நிறையக் காய்ந்த மீன் கொண்டுவந்து கொடுத்தார். புதிய மென்பொருளும் வந்தது. யோருன் அதைப் போட்டாள். குறியை எடுக்கக் கை போயிற்று. வேலை ஒழுங்காக நடக்கும்போது எதற்கு வம்பு என்று திரும்பி வந்தது. அவள் மறந்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள்.

ஏப்ரலில் சரிவுகளில் பனி உருகத் தொடங்கியபோது திட்டப்பிரிவிலிருந்து எட்டா அழைத்தாள். புதிதாகச் சேர்ந்த பெண். வாய் ஓயாமல் பேசுவாள்.

"யோருன், இங்க ஒரு வேடிக்கை! மலைப் படத்தைத் திறந்தா முதல்ல ஒரு மண்டை ஓடு வருது. கறுப்பு வெள்ளையில. உள்ள மூளையெல்லாம் தெரியுது. மூலையில பேரு வேற."

யோருன் நாற்காலியில் நிமிர்ந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. மருத்துவ மையத்தின் துண்டு துடைக்கப்படாமல் திட்டப்பிரிவுக்குப் போயிருக்கிறது. எட்டாவின் கணினி தன் படத்தை வரைந்து முடிக்கும் முன்பு, அங்கே ஏற்கெனவே கிடந்ததைக் காட்டிவிட்டது.

"பேரைச் சொல்லாத," என்றாள் அவசரமாக. "அது ஏதோ பழைய சோதனைப் படம். மூடிட்டு மறுபடி திற."

"திறந்தேன். இப்ப மலைதான் இருக்கு. ஆனா அந்தப் பேரு..."

"எட்டா, அது ஒண்ணுமில்லம்மா. விட்டுடு."

தொலைபேசியை வைத்ததும் நேரே கணினியில் நுழைந்து குறியை எடுத்தாள். துடைக்கும் கட்டளைக்கு உயிர் வந்தது. கைமாறுதல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. புதிய மென்பொருளில் கார்டு உறையவும் இல்லை. அதைப் போட்ட நாளிலிருந்தே இதை இப்படியே வைத்திருந்திருக்கலாம் என்பது தெரிந்தபோது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் சொல்லியிருக்கவேண்டும். விதிகள் அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த விதிகளைப் பற்றி வகுப்பெடுத்ததே அவள்தான். ஒரு கண நேரம், ஒரு பெண், ஒரு படம், அதுவும் மறைந்துவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சில நாள் கழித்துக் காலையில் சுடுநீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருந்தபோது ஒருவர் சொன்னார்:

"ஸ்டைன்தோருக்கு மூளையில கட்டியாமே?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. அவரோட ஒரே படகுல போறவங்கதான் பாவம். நடுக்கடல்ல அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஸ்டைன்தோர் அந்த ஊரின் நல்ல படகோட்டிகளில் ஒருவர். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. ஒரே மகள் டாக்னி கோபன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்தாள். பனி உருகும் பருவத்தில் கிடைக்கும் மீனுக்கு அவர் வலையைத் தயார்செய்துகொண்டிருந்த நேரம்.

யோருன் சட்டென்று திரும்பினாள். பக்கத்தில் ஹல்லாவைப் பார்த்தாள். ஹல்லாவின் முகத்தில் ஈயாடவில்லை.

உடை மாற்றும் அறையில் ஹல்லா கிசுகிசுத்தாள். "இது எப்படிடீ வெளியில வந்துச்சு? எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஸ்டைன்தோர் யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. பொண்ணு பரிட்சை முடிச்சு வரட்டும், நானே நேர்ல சொல்றேன்னாரு."

யோருன் தலையைத் துவட்டுவது போலத் துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலையே எட்டா அழைத்தாள். அழுதுகொண்டே பேசினாள். "நான் என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன், சத்தியமா. அவர் அவங்க அக்காகிட்டச் சொல்லியிருக்காரு. நீதானே ஒண்ணுமில்லன்னு சொன்னே? சோதனைப் படம்னு சொன்னே?"

"ஆமா, நான்தான் சொன்னேன்."

"என் பேரை வெளியில சொல்லிடாத, யோருன். சேர்ந்து நாலு மாசம்கூட ஆகல."

"சொல்ல மாட்டேன்," என்றாள் யோருன். அந்த வாக்கு எவ்வளவு வசதியானது என்று சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. எட்டாவைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே தானும் ஒளிந்துகொள்ளலாம்.

செய்தி கோபன்ஹேகனுக்கும் போய்ச் சேர்ந்தது. பள்ளித்தோழி ஒருத்தி டாக்னிக்கு ஆறுதல் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டாள். டாக்னி தந்தையை அழைத்தபோது அவர் படகுத்தளத்தில் மிதவைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே, கையில் கயிற்றோடு, "ஆமாம் கண்ணு, உண்மைதான்" என்று மகளிடம் சொன்னார். மறுநாள் அந்த இரண்டு ஆட்களும் வேறு படகு பார்த்துக்கொண்டார்கள். டாக்னி பரிட்சையை விட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

ஸ்டைன்தோர் மருத்துவ மையத்துக்கு வந்தார். கத்தவில்லை. வரவேற்பு மேசையின் முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். காத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னை நம்பினேன், ஹல்லா," என்றார். "உன்கிட்ட வேற எதையும் கேட்டேனா?"

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் ஹெர்மன் யோருனைத் தன் அறைக்கு அழைத்தார். நொந்துபோயிருந்தார். "அந்தப் படத்தை யார் யார் திறந்திருக்காங்கன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

பார்த்தாள். "நீங்களும் ஹல்லாவும்தான்."

"வேற யாருமே இல்லையா?"

"படத்தைத் திறந்தவங்க வேற யாரும் இல்ல."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. எட்டா எதையும் திறக்கவில்லை. அது தானாக அவள் திரையில் வந்து நின்றது. கேட்ட கேள்விக்கு அளந்து பதில் சொல்லிவிட்டு யோருன் எழுந்தாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவள் ஒரு கணம் நின்றாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

விசாரணை முடியும் வரை ஹல்லாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களில் யோருன் பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. குளத்துக்கும் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மீன் ஆலையில் இருந்தபோது ஒருமுறை முதலாளி பக்கத்து மேடைக்காரியின் தவறுக்கு ஹல்லாவைத் திட்ட, இவள் கத்தியை வீசி எறிந்துவிட்டுச் சண்டைக்குப் போனவள். அந்த யோருன் எங்கே போனாள் என்று இவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று காலையில் எழுவாள். வேலை போய்விடும், இந்த வயதில் மறுபடியும் முள்ளெடுக்கும் மேடையா என்று மதியம் நினைப்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளும் ஹல்லாவின் தலையில் விடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் ஹல்லா வீட்டுக்குப் போனாள். ஹல்லா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மேசை முழுக்க ஏற்கெனவே சுட்ட ரொட்டி. சாப்பிட ஆளில்லை.

"உட்காரு. காபி இருக்கு," என்றாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "யோசிச்சுப் பார்த்தேன்டீ. அன்னிக்கு நான் திரையைத் திறந்து வெச்சுட்டு பிரின்டர்கிட்டப் போயிருக்கலாம். ஜன்னல் வழியா யாராவது பார்த்திருக்கலாம்."

"நீ அப்படிச் செய்யற ஆளே இல்ல."

"எப்படித் தெரியும்? இல்லேன்னா என்னையறியாம யார்கிட்டயோ சொல்லியிருக்கேனோ என்னவோ. கடையில நிக்கறப்ப ஸ்டைன்தோர் பேரு வந்துச்சு. நான் ஒரு மாதிரி முழிச்சிருப்பேன். அதுவே போதும்ல?" மாவு ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்தாள். "நான்தான் செஞ்சிருக்கணும். வேற வழியே இல்லையே. நாளைக்கு அவர்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டுடலாம்னு இருக்கேன்."

யோருன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீ கேட்காத," என்றாள். "அது நீ இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். உறைந்த திரை, ஹாகோனின் படகு, அந்தக் குறி, 'தற்காலிகம்', எட்டாவின் பெயரைச் சொல்லாமல் அந்த அழைப்பு, டாக்டரிடம் சொன்ன பதில். ஹல்லா பிசைவதை நிறுத்திவிட்டாள். மாவுக்குள் புதைந்த கையோடு நின்று கேட்டாள்.

"அன்னிக்கு உடை மாத்தற அறையில... அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னப்பவும்?"

"தெரியும், ஹல்லா."

ஹல்லா கையை மாவிலிருந்து இழுத்தாள். பிறகு கையைக் கழுவி, துடைத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். யோருன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நேரே படகுத்தளத்துக்குப் போனாள். இப்போது நின்றால் மறுபடி கால் எழாது என்ற பயம். ஸ்டைன்தோரின் படகு கட்டிக் கிடந்தது. கொட்டகைக்குள் அவரும் மகளும் இந்த வருடம் தண்ணீரைப் பார்க்காத வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டைன்தோர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னாள். அவருக்குக் கணினி பழக்கமில்லை. குறுக்கே கேட்டார்.

"என் படம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. டாக்டர் பார்த்து முடிச்சாச்சு. அப்புறம் எப்படி இன்னொரு ஆபீசுக்குப் போச்சு?"

"மூணு ஆபீசுக்கும் ஒரே கார்டு. ஒருத்தர் விட்ட இடத்தை இன்னொருத்தருக்குக் குடுக்கும். குடுக்கறதுக்கு முன்னால அழிக்கணும். அழிக்க வேண்டாம்னு நான் நிறுத்தி வெச்சுட்டேன்."

"எதுக்கு?"

"திரை நின்னுபோச்சு. ஹாகோன் கத்தினாரு. அப்ப அது சரிதான். அப்புறம் மறுபடி போடாம விட்டதுதான் தப்பு."

"யார் பார்த்தாங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன். அவங்க வேணும்னு பார்க்கல. அவங்க கேட்டப்ப நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவரோ வலையைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஹல்லா இல்லையா?" என்றார். "அத்தனை பேர் முன்னால அந்தப் பொண்ணை..." முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டார். "கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்."

எழுந்து, தொப்பியைத் தேடி மாட்டிக்கொண்டு, யோருனைத் தாண்டி ஹல்லா வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்னி மட்டும் நின்றாள். கோபமாக இருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "அப்பா என்கிட்ட எப்படிச் சொல்லணும்னு யோசிச்சு வெச்சிருந்தாராம்," என்றாள். "அம்மாவோட கல்லறைக்குக் கூட்டிட்டுப் போயி, அங்க வெச்சுச் சொல்லலாம்னு. என்னென்ன வார்த்தைன்னு கேட்டேன். மறந்துபோச்சுன்னு சொல்லிட்டாரு. அதை நான் இனிமே கேட்கவே முடியாது, இல்ல?"



திங்கட்கிழமை காலை டாக்டரிடம் சொன்னாள். பிறகு நகரத் தலைவியிடம். தகவல் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தானே தெரிவித்தாள். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னபோது நகரத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நீ போயிட்டா இதை யார் பார்ப்பா? ரெய்க்யாவிக்கிலேருந்து இங்க வந்து இருக்க யார் சம்மதிப்பா?"

"என்னை வெச்சுக்கிட்டா ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லத்தான் செய்யும். அதைக் கேட்டுக்கிட்டு வேலையைப் பாரு."

துரத்தியிருந்தால் தேவலாம் என்று யோருனுக்குத் தோன்றியது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். வெளியாள் ஒருவர் வந்து அவள் வேலையைப் பார்வையிட்டார். மருத்துவ மையத்துக்குத் தனி இயந்திரம் வந்தது. எத்தனையோ கூட்டத்தில் முடியாது என்று சொன்ன மன்றம் ஒரே கூட்டத்தில் முடியும் என்றது. துறைமுகமும் திட்டப்பிரிவும் இன்னும் ஒரு கார்டைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. எட்டா அடுத்த வாரம் தானே ஸ்டைன்தோர் வீட்டுக்குப் போய், படத்தைப் பார்த்தது தான்தான் என்று சொல்லிவிட்டு வந்ததாக யோருன் பின்னால் கேள்விப்பட்டாள்.

கோடையில் ஸ்டைன்தோருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தார். இடது பக்கப் பார்வை பாதி போய்விட்டது. படகோட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். டாக்னி ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைத்து அவரோடு இருந்தாள். விஷயம் வெளியானதால்தான் சீக்கிரம் அறுவைக்கு ஒப்புக்கொண்டார், இல்லையென்றால் மீன் பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு ஆளே போயிருப்பார் என்று ஊரில் சிலர் பேசினார்கள். ஹாகோன் அதை யோருனிடமே சொன்னார்.

"ஒரு வகையில நீ அவருக்கு நல்லதுதான் செஞ்சிருக்கே."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள். "தயவுசெஞ்சு யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்க." சொன்ன வேகத்தில் ஹாகோன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

ஹல்லா வரவேற்பு மேசைக்குத் திரும்பினாள். ஸ்டைன்தோர் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அவள் எழுந்து வந்து இடப்பக்கமாக நின்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போவாள். அவரை அவள் என்றோ மன்னித்துவிட்டாள். யோருன் ஒருமுறை கடை வாசலில் அவளை வழிமறித்தாள்.

"அவரை மன்னிச்சுட்டே. என்னை மட்டும் பார்க்கக்கூட மாட்டேங்கறியே, ஹல்லா."

"அவருக்குத் தெரியாது," என்றாள் ஹல்லா. "தெரியாம என்மேல பழி போட்டாரு. நீ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என் வீட்டுல உட்கார்ந்து காபி குடிச்சே."

குளத்தில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் யோருன் இருந்தால் ஹல்லா மற்றொன்றுக்குப் போவாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். யோருன் பாட்டுக்குழுவுக்குத் திரும்பினாள். பின்வரிசையில் நின்று பாடினாள். முன்பு போலச் சிரிப்பதில்லை என்று எல்லோரும் கவனித்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரியில் மருத்துவ மையத்தின் புதிய இயந்திரத்தில் ஏதோ கோளாறு. வேறு வழியில்லாமல் ஹல்லாதான் அழைத்தாள். யோருன் வந்து, மேசைக்குக் கீழே மண்டியிட்டு, ஒயரைப் பிடுங்கிச் சொருகி, ஒரு மென்பொருளை மறுபடி நிறுவிக் கொடுத்தாள். ஹல்லா சுவரோரமாகக் கை கட்டி நின்றாள்.

"படம் வருது," என்றாள் யோருன்.

"இதுல வேற யார் கண்ணுலயாவது படுமா?"

"படாதுன்னு நினைக்கறேன்." ஒரு கணம் நின்று யோசித்தாள். "நினைக்கறதை வெச்சு உனக்குப் பதில் சொல்லக்கூடாது. இப்பதான் புதுசா நிறுவியிருக்கேன். ஒவ்வொண்ணா சோதிச்சுட்டுச் சொல்றேன். சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும்," என்றாள் ஹல்லா.

நோயாளிகள் வந்தார்கள், போனார்கள். யோருன் மூலையில் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தாள். மூடும் நேரம் வந்ததும் டாக்டர் கிளம்பிப் போனார். ஹல்லா கிளம்பவில்லை. மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். 

கடைசிச் சோதனையும் முடிந்தது. "படாது," என்றாள் யோருன். "சோதிச்சுட்டேன்."

ஹல்லா திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து விளக்கை அணைத்தாள்.

"கதவைச் சாத்தணும், வா," என்றாள்.